ஒன்றும் கேட்காத சம்பந்தி

"உக்காருங்க, காப்பி வருது" என்று சொன்ன பெண்ணைப் பார்த்ததும் பாக்கியநாதனுக்கு மனசு கலங்கிவிட்டது. உதடு வெளுத்துக் கண்ணைச் சுற்றிக் கறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயசுகூட இருக்காது.

"என்ற மூத்த மருமக, வேளாங்கண்ணி" என்றாள் வீட்டுக்கார அம்மாள் இன்னாசிமேரி. "நீ போய்ப் படு சாமி. காப்பியை வேலைக்காரி கொண்டாருவா."

பாக்கியநாதனும் மனைவி ராயம்மாளும் ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ் ஏறி, மாப்பிள்ளை வீடு பார்க்கச் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்கு வந்திருந்தார்கள். தறி நெய்து பிழைக்கிற குடும்பம். மகள் மரியபுஷ்பத்துக்கு இடது கால் சூம்பல்.

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை ருசித்துத் தின்றார்கள். அவள் நாலடி நடந்ததும் கை கழுவினார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் கன்னியர் மடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். மடத்திலும் நல்ல காலாகத்தான் கேட்கிறார்கள்.

இன்னாசிமேரி சுற்றி வளைக்கவில்லை. கணவன் விட்டுப்போன ஜவுளிக்கடையை நடத்துகிறவள். வயிறு தள்ளிய உடம்பு, சிரித்த முகம்.

"சீதனம், நகை ஒண்ணும் வேண்டாங்க. பொண்ணு காலைப் பத்தியும் எங்களுக்குக் கவலை இல்லீங்க. ஆனா மறைச்சுக் கல்யாணம் பண்ணறது பாவம். இந்த ஊட்டுல ஒரு நோவு இருக்குதுங்க."

கணவனும் மனைவியும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ரத்தத்துல புத்துநோய். மெட்ராஸ் வரைக்கும் போயாச்சு, தீராதுன்னுட்டாங்க. மாத்திரையும் ரத்தம் ஏத்தறதுமா வருசக்கணக்கா ஓடுது. ஆறு மாசந்தான்னு கெடு வெச்ச டாக்டரு போய்ச் சேர்ந்துட்டாரு. நோவு இன்னும் குடியிருக்குது."

ராயம்மாளின் கண் உள்ளறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் நோயாளி யாரென்று பெயர் சொல்லிக் கேட்பதும் இல்லை, கை காட்டுவதும் இல்லை. நம் சனங்களுக்கு அது ஒரு மரியாதை.

"பாவங்க. இந்த வயசுல" என்று மட்டும் சொன்னாள்.

"வயசு பாத்தா வருதுங்க?" என்றாள் இன்னாசிமேரி.

பாக்கியநாதன் முந்திக்கொண்டான். "எங்க புள்ளைக்குக் கால்தான் அப்படீங்க. கை சும்மா இருக்காது. கஞ்சி ஊத்தறது, துணி தொவைக்கறது எல்லாத்தையும் முகம் சுளிக்காமப் பாத்துக்குவாளுங்க."

"அது போதுங்க. நிச்சயத்துக்கு முன்னால எங்க டாக்டருகிட்டப் பொண்ணை ஒருக்காக் காட்டிரோணும். ஒரே ஊட்டுல ரெண்டு நோவு வேண்டாம் பாருங்க."

நியாயமான பேச்சு. அடுத்த வாரமே டாக்டர் மரியபுஷ்பத்தின் கையில் ஊசி குத்தி, சின்னச் சீசாவில் ரத்தம் எடுத்துக்கொண்டார். காலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று ராயம்மாள் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்து போனாள்.

சம்மதம் என்று சொல்லக் காரிலேயே ஆள் வந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள்; தடை சொல்ல ஒருவரும் இல்லை. சாமியார் லத்தீனில் மந்திரித்துக் கொடுக்க, இளைய மகன் சவரியார் தாலியைக் கட்டினான். வேதக்காரர் கல்யாணத்தில் போட்ட முடிச்சைச் சாவு வந்துதான் அவிழ்க்க வேண்டும். பாக்கியநாதன் தூணில் சாய்ந்து அழுதான், அத்தனையும் சந்தோஷம்.

விருந்து முடிந்து, பிறந்த வீட்டார் பஸ் ஏறிப் போனார்கள். மரியபுஷ்பம் புதுப்புடவையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் வேளாங்கண்ணி படுத்திருந்தாள்.

"அக்கா, இனிமே எந்திரிக்காதீங்க. எதுன்னாலும் என்னையக் கூப்புடுங்க" என்றாள் மரியபுஷ்பம். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. நம்மையும் ஒரு வீட்டில் தேவை என்று வைத்துக்கொண்டார்களே.

வேளாங்கண்ணி படுத்தபடியே கை நீட்டினாள். புதுப்பெண்ணின் கையை எடுத்து, முழங்கை மடிப்பில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்ல நரம்பு" என்றாள்.

வாசலில் கார் உறுமியது. சவரியார் கதவோரம் வந்து நின்றான். தாலி கட்டிய பிறகு பெண்டாட்டியிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்: "புஷ்பம், பொறப்படு. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"இதோ வந்துட்டனுங்க" என்று மரியபுஷ்பம் எழுந்து வேளாங்கண்ணியின் தோளைத் தாங்கினாள். "மெதுவா எந்திரிங்க அக்கா. என் மேல சாஞ்சுக்கங்க."

வேளாங்கண்ணி அந்தக் கையை விலக்கினாள். "நான் வரலை."

"நீங்க வராம நாங்க போய் என்னக்கா பண்றது?"

ஜன்னலுக்கு வெளியே, காரின் பின்சீட்டில் இன்னாசிமேரி ஏற்கெனவே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள்.

வேளாங்கண்ணி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நோவு அத்தைக்கு, சாமி. அவுங்களுக்குச் சேர்ற ரத்தம் எங்கிட்டத் தீந்துபோச்சு."