வேளைக்கொரு நிறம்

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது றுமானாவின் நகங்களில் மஞ்சள் இருந்தது. காலையில் பச்சை. நேற்றுப் பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு ஊதா.

"இதென்ன புள்ள, வேளைக்கொரு கலரா?" என்றான் றம்ஸீன், தொப்பியைத் தலையில் வைத்தபடி.

"பூசிப் பாக்கத்தானே கொண்டந்தீங்க. போனமுறை கொண்டந்ததெல்லாம் அலுமாரிக்குள்ள கிடந்து காஞ்சு போச்சு."

புருசன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு தொழப் பள்ளிக்குப் போனான்.

கட்டாரிலிருந்து அவன் கொண்டுவந்த பெட்டி அது. உள்ளே பன்னிரண்டு குட்டிப் போத்தல்கள். வழக்கமான வழுவழுப்புக் கியூடெக்ஸ் இல்லை இது. காய்ந்தால் கடல் மணலைத் தடவுவது மாதிரிச் சொரசொரக்கும். சிலதில் சீனிப் பருக்கையாக மினுக்கம் வேறு. புதுசாக வந்தது என்று கடைக்காரி சொன்னாளாம், விலைகூடக் கேட்காமல் வாங்கிவிட்டானாம்.

ஐவேளை தொழுகிறவளுக்குக் கியூடெக்ஸ் எதற்கு என்று கடையில் நிற்கிற ஆம்பிளைக்கு ஞாபகம் வருமா?

நகத்தில் பூச்சு இருந்தால் தண்ணீர் படாது, தொழுமுன் கைகால் கழுவும் வுளூ கூடாது. மாதத்தில் தொழுகை இல்லாத அந்த ஐந்தாறு நாட்கள்தான் பூசலாம். அதனால் காத்தான்குடியில் ஒருத்தியின் நகத்தைப் பார்த்தாலே போதும், வீட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும்.

நேற்று றம்ஸீனுக்குத் தெரிந்தது.

நாற்பது நாள் லீவில் வந்தவன். பெட்டி பிரிக்கப்படாமல் கிடக்கக் கிடக்க அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பதினாறு வருடமாகப் பிள்ளைக்கு ஏங்கிய மனுசன். தொழுது முடித்து நெடுநேரம் கையேந்தி இருந்தான். என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா?

நேற்று ஊதா நகங்களோடு அவள் தேத்தண்ணியை நீட்டியபோது, கோப்பையை வாங்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பரவால்ல புள்ள. அடுத்த லீவுக்குப் பாப்பம்," என்றான் கடைசியில்.

நாளை மறுநாள் அவனுக்குப் பயணம்.

மோட்டார்சைக்கிள் சத்தம் முடக்கில் திரும்பியதும் றுமானா எழுந்தாள். எப்படியும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தில் அழுத்தினாள்.

சாதாரணப் பூச்சென்றால் ஒரே இழுப்பில் போய்விடும். இந்த மணல் பூச்சு போவேனா என்று அடம்பிடித்தது. தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணெல்லாம் சிவந்து எரிந்தது. ரிமூவர் நாற்றம் தலைக்கு ஏறியது. நேற்றிலிருந்து இது நான்காவது தடவை. கை உளைந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெறும் நிலத்தில் படுத்துவிடலாம் போலிருந்தது.

படுக்கவில்லை. பைப்பைத் திறந்து வுளூ செய்தாள். முஸல்லாப் பாயை விரித்து நான்கு ரக்அத்தையும் தொழுது முடித்தாள்.

அவளுக்கு நாள் வரவில்லை. ஐந்து மாதமாக வரவில்லை.

அவன் வருமுன்பே நின்றதுதான், ஆனாலும் முதலில் அவளும் ஆசைப்பட்டுத்தான் போனாள். போன கிழமை, றம்ஸீன் ஏறாவூருக்குப் போன நேரம் பார்த்து, தனியாக பஸ் ஏறி டவுனில் ஒரு டொக்டர் அம்மாவிடம் போனாள். அவர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்தார். இனி வராது என்றார். நாற்பத்து மூன்று வயதில் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். திரும்பி வரும்போது பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியதும், அந்தக் கடதாசியை வாவியில் எறிந்துவிட நினைத்தாள். அதுவும் செய்யவில்லை.

ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அவள் பத்து நகத்தில் மறைத்தாள்.

சொன்னால் அவன் கோபப்படமாட்டான். அல்லாஹ்ட நாட்டம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பான். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வெயிலில் இன்னும் இரண்டு வருடம் நிற்கப்போகிறவனுக்கு அடுத்த லீவு என்று ஒன்று இருக்க வேண்டும். பொய் சொன்ன பாவம் அவளோடு போகட்டும். தொழுகையை விட்ட பாவத்தையும் அதோடு சேர்க்க அவளுக்குத் துணிவில்லை.

நீலப் போத்தலைத் திறந்தாள். இடது கை முடிந்தது. வலது கைக்கு மாறியபோது பூச்சு தோலில் வழிந்தது.

வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. இன்றைக்கென்று நேரத்தோடு வந்துவிட்டான்.

"வலது கைக்குப் பூச வருகுதில்ல," என்றாள் அவசரமாக.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான். திரும்பிப் பார்க்காமலே அவளுக்கு விளங்கியது. முஸல்லா விரித்தபடி கிடந்தது. தொழுது எழும்பியதும் எப்போதும்போல் அதன் ஓரத்தை மடித்துவிட்டிருந்தாள். எடுத்து வைக்கத்தான் மறந்துபோனாள். முன்முடியில் ஈரமும் காயவில்லை.

றம்ஸீன் உள்ளே போனான். முஸல்லாவைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தான். அலுமாரிக் கதவைச் சாத்தினான்.

பிறகு வந்து அவள் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அவளுடைய வலது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தான். போத்தலிலிருந்து தூரிகையை எடுத்து, பெருவிரலிலிருந்து தொடங்கினான். கோணல்மாணலாக, தோலிலும் படப் பூசினான்.

மூன்றாவது விரலுக்கு வந்தபோது, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"அடுத்த லீவுக்கு என்ன கலர் கொண்டு வாற?"

றுமானா பெட்டியிலிருந்த போத்தல்களைப் பார்த்தாள். அவன் அடுத்த விரலுக்குப் போகாமல் காத்திருந்தான்.

"சிவப்பு," என்றாள். "இதுக்குள்ள சிவப்பு இல்ல."