ஒன்பது மணிக் கோளாறு

"தம்பி, உங்க கைரேகை மெஷின் இன்னிக்கும் படுத்துருச்சு. வந்து எழுப்பிவிட்டுட்டுப் போங்க."

மேலாளரின் குரலைக் கேட்டதுமே மெக்கானிக்குக்குக் கையிலிருந்த காபி கசந்தது. இது பதினோராவது நாள்.

அந்த அலுவலகத்தின் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில், யுஎஸ்பி கேபிளால் இணைத்த கைரேகை மெஷின் ஒன்று இருந்தது. ஊழியர்கள் விரலை வைத்தால் போதும், வந்த நேரம் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் வேலை காலி என்று அங்கிருந்து புது உத்தரவு வேறு வந்திருந்தது.

ஆனால் மெஷினோ தினமும் காலை ஒன்பது மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் மக்கர் செய்தது. 'சாதனம் கண்டறியப்படவில்லை' என்று திரையில் ஒரு வரி வரும். எல்லோரும் பழைய பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதில் நேரம் எழுதும் வழக்கமே கிடையாது. மெக்கானிக் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள், அது ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டான். தானே குனிந்து பார்த்துவிட்டதாக மேலாளர் சொல்லிவிட்டார். ஆகவே புதுக் கேபிள் போட்டான். முன்பக்க போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினான். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினான். மின்சாரம் போதவில்லையோ என்று தனி மின்இணைப்புள்ள ஹப் ஒன்றையும் வாங்கி வைத்தான். எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை அந்தக் கழுதை.

அன்றைக்கும் போய் நின்றபோது மேலாளர் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே தலைகுனிந்து நின்றாள் கடிதப் பிரிவுப் பெண். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'ஒன்பதே கால்'. குழந்தைகள் காப்பகத்தை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு அவள் ஓட்டமாய் ஓடி வந்தாலும் கடிகாரம் ஒன்பதே காலைக் காட்டிவிடும்.

"இந்த மெஷின் மட்டும் சரியாகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு. மூணே நாள், மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்" என்றார் மேலாளர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மெக்கானிக் யோசித்தான். தான் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒருத்தியின் பிழைப்பு போகும் என்றால், இது என்ன வேலை?

ஆனாலும் தொழில்காரன் அல்லவா, கை சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு எழுதி வைத்திருக்கும் பதிவுகளைத் திறந்து பார்த்தான். பதினொரு நாளும் எட்டு ஐம்பத்தைந்துக்குச் சாதனம் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒன்பதரைக்கு மறுபடி இணைக்கப்பட்டிருந்தது.

அட, கோளாறே இல்லை! யாரோ கேபிளைப் பிடுங்கிப் பிறகு செருகியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் 'ஒன்பதே கால்' அங்கே இருக்கவே முடியாது. அப்படியென்றால் வரவேற்பறைப் பெண்தான். இரண்டு பேரும் உயிர்த் தோழிகள், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தனித்தனியாகத் திறக்காதவர்கள்.

"ஏதாவது பிடிபட்டுதா?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார் மேலாளர்.

சட்டென்று திரையை மூடினான். இன்னும் இல்லை சார், நாளைக்குள் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று மழுப்பினான். உண்மையைச் சொன்னால் இரண்டு பெண்கள் தெருவில் நிற்பார்கள். கையும் களவுமாகப் பிடித்து, விஷயம் வெளியே தெரிவதற்குள் நிறுத்திவிடும்படி தனியாக எச்சரித்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

மறுநாள் எட்டரைக்கே வந்தான். துப்புரவு செய்யும் அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தார். காகிதக் கட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கி நின்றான். தூசு மூக்கில் ஏறித் தும்மல் வேறு வந்து தொலைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

எட்டே முக்காலுக்கு வரவேற்பறைப் பெண் வந்தாள். பையை வைத்தாள், கண்ணாடி பார்த்தாள், பொட்டைச் சரிசெய்துகொண்டாள். மேசைக்கு அடியில் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணி எட்டு ஐம்பத்தைந்து. காலடிச் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டே மண்டியிடுவதும், முட்டி 'மடக்' என்பதும் கேட்டது. பிறகு கேபிள் கழன்றது.

மெக்கானிக் வெளியே பாய்ந்தான்.

மேசைக்கு அடியிலிருந்து கேபிளும் கையுமாகத் தவழ்ந்தபடி வெளியே வந்தார் மேலாளர்.

அவர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "பார்த்துட்டீங்களா? சரி, இனிமே நீங்களே வந்து பிடுங்குங்க, எனக்கு முட்டி தாங்கல. அந்தப் பொண்ணோட குழந்தை பள்ளிக்கூடத்துல சேர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு தம்பி."