மூன்று கீச்சான்கள்

“மூச்சக்கூட மெதுவா விடுங்க சாமி. கண்ணத் தொறக்காதீங்க. கண்ணு முழிச்சா காது தூங்கிடும்” என்றான் காசி.

ஆலங்காயம் காட்டுப் பாறைமீது சப்பணமிட்டிருந்த ரேஞ்சர் சம்பந்தம், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்களை இறுக மூடினார். காக்கி உடுப்பு மட்டும் இல்லாவிட்டால் யாராவது சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

இரண்டு மாதம் முன்புவரை இந்த மனிதருக்குக் கால் தரையில் பாவியதில்லை. ரிசர்வ் காட்டுக் கொன்றை மரங்களின் பட்டையை யாரோ திருட்டுத்தனமாக உரித்து, தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் குதிரையை விரட்டிக்கொண்டு கிழக்கே ஓடினால் மேற்கே மரம் தோலுரிந்து நிற்கும். திருடன் அகப்படவில்லை, நெஞ்சுப் படபடப்புதான் வந்து சேர்ந்தது.

“ஓடறத நிறுத்துங்க. தெனம் காலைல ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சும்மா உட்காரத் தெரியாமல் தவித்தவருக்கு உதவத் தானாகவே வந்து நின்றவன் காசி. மலைத்தேன் எடுத்துப் பிழைக்கிறவன். காட்டில் எது சத்தம் போட்டாலும் பேர் சொல்லிவிடுவான்.

“இப்ப சருகுல ஓடினது இன்னா சாமி?”

“விட்டு விட்டு ஓடுது. ஓணான்.”

“இது?”

“இழுத்தாப்ல போவுது. கீரி.”

காசிக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல மாணவன் கிடைத்தால் எந்த வாத்தியாருக்குத்தான் சொல்லிக்கொடுக்க அலுக்கும்?

சம்பந்தத்துக்கும் படபடப்பு போன இடம் தெரியவில்லை. காடு இவ்வளவு பேசும் என்று நாற்பத்தைந்து வயதுவரை தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஆனால் அவர் சட்டைப்பையில் வெள்ளைக்காரத் துரையின் கடிதம் இருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டைத் திருடனைப் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். இன்றுதான் மாதக் கடைசி.

“வேலையே போவப்போவுது, நீங்க குருவி சத்தம் கேக்கப் போறீங்களா?” என்று மனைவி தேவகி காலையில் அழாத குறை. அவரோ காபியை ரசித்துக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். எப்போதும் கூடவே வரும் ஃபாரஸ்ட் கார்டு சர்தார் பாஷாவைக்கூட இன்று அழைத்து வரவில்லை.

“பாஷா எங்க சாமி?” என்று காசி கேட்டதற்கு, “அவன் பூட்ஸ் சத்தம் ஜாஸ்தி. குருவிங்க பேஜாராயிடுது” என்றார். காசிக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

குக்குறுவான் பறவை டொக் டொக்கென்று தட்டியது. எங்கோ செம்போத்து ஊப் ஊப் என்றது. பிறகு கீழே பள்ளத்துப் பக்கமிருந்து மெல்லக் கேட்டது, “கீ...ச்... கீ...ச்...”

சம்பந்தத்தின் முகம் மலர்ந்தது.

“வந்துட்டான்யா கீச்சான்! மூணு பேரும் தெனம் ஒருத்தன் பின்னால ஒருத்தன் வர்றானுங்க.”

“ஆமா சாமி. அந்தக் குருவிங்க அப்பிடித்தான், சேந்தே திரியும்.”

“ஒரு சந்தேகம் காசி. நாம ஏறி வர்றப்ப மேல போச்சே, அப்ப லேசா கத்திச்சு. கீழ எறங்கறப்ப மட்டும் ஏன் இப்பிடி முக்கி முனகுது?”

காசி ஒரு கணம் யோசித்தான்.

“போறப்ப பசி சாமி. வர்றப்ப வயிறு ரொம்பியிருக்கும்ல!”

இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

“கீ...ச்... கீ...” என்று வந்த சத்தம் பாதியில் நின்றது. மூன்றுமே நின்றுவிட்டன. செம்போத்துகூட வாயை மூடிக்கொண்டது.

காசி பாறையிலிருந்து எழுந்து பள்ளத்தை எட்டிப் பார்க்கப் போனான். கண் திறக்காமலே அவன் கையை எட்டிப் பிடித்து உட்காரவைத்தார் ரேஞ்சர்.

“எங்க போற? கண்ணு முழிச்சா காது தூங்கிடும்னு நீதானே சொன்ன? மூடிக்கினு கேளு.”

காசி கேட்டான். கீழே சருகுகள் நொறுங்க, தடதடவென்று பூட்ஸ் சத்தம். யாரோ அதட்டினார்கள். ஒரு மாடு ‘ம்மா’ என்றது.

காசியின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தம் நிதானமாகக் கண்ணைத் திறந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இந்தக் காலைகள் இன்றோடு முடிகிறதே என்று அவருக்கு மெய்யாகவே கஷ்டமாக இருந்தது.

“மூணாவது கீச்சானோட எடது சக்கரத்துக்காவது எண்ணெ போட்டிருக்கலாம் காசி.”