கட்டிய கார்டுக்கே திரும்பும்

“பணம் உங்க கைக்கு வராதுண்ணா. கட்டின கார்டுக்குத்தான் திரும்பிப் போவும்.”

மூன்றாவது முறையாகச் சொன்னேன். முதலில் இந்தியில், பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், இப்போது தமிழில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தபன் மண்டல் மூன்று முறையும் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

காலையில் அவர் மனைவி இறந்துவிட்டார். ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. முன்பணமாகக் கட்டிய இரண்டு லட்சத்தில், செலவு போக ஒரு லட்சத்து முப்பதாயிரம் மீதி. அது கைக்கு வந்தால்தான் வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் உடலை ஏற்றிக்கொண்டு வங்காளத்தில் இருக்கும் மால்டாவுக்குக் கிளம்பும்.

பணம் அவருடையது. நிலத்தை விற்றுத் துண்டில் முடிந்து கொண்டுவந்த நோட்டு. கட்டிய கார்டு மட்டும் அவருடையது இல்லை.

அது கார்டுக்காரருடையது.

வேலூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிற எல்லோருக்கும் கார்டுக்காரரைத் தெரியும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கேதான் வருவார். பணக்கட்டோடு நீள வரிசையில் நிற்கும் வெளியூர்க்காரர்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். பணத்தை என்னிடம் கொடுங்கள், என் கார்டில் தேய்க்கிறேன், கார்டு வரிசையில் ஐந்தே நிமிஷம் என்பார். கமிஷன் ஒரு பைசா வாங்க மாட்டார்.

அவருக்கு வேண்டியது பாயின்ட். தேய்க்கத் தேய்க்க கார்டில் பாயின்ட் ஏறும். பாயின்ட் சேர்ந்தால் விமான டிக்கெட் இலவசம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார். அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது.

இதயம் என்றால் இவ்வளவு, கிட்னி என்றால் இவ்வளவு என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ‘நியூரோன்னா ஜாஸ்தி வரும்’ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் சட்டையில் எப்போதும் ஷூ ஒட்டும் பசை வாடை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாடை அது.

எல்லாக் கவுன்டருக்கும் போவார். ஏழாம் நம்பருக்கு மட்டும் வர மாட்டார். ஏழாம் நம்பர் என்னுடையது, மீதிப் பணத்தைத் திருப்பித் தரும் கவுன்டர்.

என்றைக்காவது இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை என்று சொன்னால் அது பொய்.

தபன் மண்டல் தன் போனை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறார். நம்பருக்கு மேலே வங்காள எழுத்தில் இருந்த பெயரைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘நல்ல மனுஷன்’ என்று போட்டு வைத்திருந்தார்.

“போன் ஆஃப் மேடம். அவருக்கு ஏதும் ஆயிடுச்சா?” என்று இந்தியில் கேட்டார்.

பெண்டாட்டியைப் பிணவறையில் விட்டுவிட்டு வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

சொல்லிவிட்டு, கல்யாண மோதிரம் போட்ட கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து இழுப்பறையில் என் போன் அதிர்ந்தது. ஒரு படம் வந்திருந்தது. வெள்ளைத் தட்டு நிறைய பிரியாணி, பக்கத்தில் மீன், ஒரு கிண்ணத்தில் அல்வா. கீழே எழுதியிருந்தது:

‘சிம்ம ஆஃப் பண்ட்டேன். கம்பெனில கூப்ட்டா பேஜாரு. ஏர்போர்ட்ல வைஃபை இருக்குது. கார்ட காட்டுனா லவுஞ்ச்ல சோறு கூட ஃப்ரீ மெர்சி! பிரியாணி மட்டும் நம்மூரு மாதிரி இல்ல. அடுத்த தடவ உனக்கும் சேத்து பாயின்ட் வந்துடும்.’

என் வீட்டுக்காரர். ஒரு மணி நேரத்தில் பாங்காக் விமானம் ஏறப்போகிறார், தோஸ்துங்களோடு. நேற்று அவர் பெட்டியை அடுக்கிக் கொடுத்ததும் இதே கைதான்.

அவர் மனசு வைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தபன் மண்டலுக்குப் பணத்தை அனுப்பிவிடலாம். கார்டுக்கு வருவது மெதுவாக வரட்டும். நான் தனியாகக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்துக்கலாம், நீ இதில் தலையிடாதே, வேலை போய்விடும் என்பார்.

போய்விடும்தான். கார்டுக்காரர் பெண்டாட்டி ரீஃபண்ட் கவுன்டரிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்தால் யார்தான் சும்மா விடுவார்கள்?

வேலை நேரத்தில் போனைத் தொட்டாலே மெமோ. தொட்டேன். வீடியோவில் கூப்பிட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

“இன்னா மெர்சி, இந்நேரத்துல?”

போனைத் திருப்பி, கண்ணாடியில் தபன் மண்டலின் முகத்துக்கு நேராக ஒட்டிப் பிடித்தேன்.

போனில் இருந்த முகம் எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது தபன் மண்டலின் முகம்தான். குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

“நல்லா இருக்கார் மேடம்” என்றார். “சாப்பிடறார்!”