கைநழுவிய 1859

“ஒரேகான் தனி ஸ்டேட் ஆச்சு, சூயஸ் கால்வாய் தோண்ட ஆரம்பிச்சாங்க, பென்சில்வேனியாவுல கிணறு வெட்டி எண்ணெய் எடுத்தாங்க. இது எல்லாம் எந்த வருஷம்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 1859-னு சொல்லுவியே கண்ணு, மேடையில ஏன் வாயே திறக்கல?”

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜெயபிரகாஷ் மறுபடியும் கேட்டான். பின்சீட்டில் இருந்த மகள் வான்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண். கழுத்தில் இரண்டாம் பரிசு மெடல் தொங்கியது.

“ஐ டோன்ட் நோப்பா. ஜஸ்ட் வென்ட் பிளாங்க்.”

பள்ளிப் பிள்ளைகளுக்கான டெக்சாஸ் மாநில வரலாற்று வினாடி வினாவின் கடைசிச் சுற்று அது. எதிரே நின்ற பையன் 1861 என்று உளறிவிட்டான். இவள் சரியாகச் சொல்லியிருந்தால் கோப்பை இவளுக்குத்தான். மணி அடிக்கும்வரை மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கேள்வியில் அந்தப் பையன் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

“டயர்டா இருந்திருப்பா, விடுங்க” என்றாள் முன்சீட்டில் இருந்த எழிலரசி.

“எப்படி விடறது எழில்? என் பொழப்பே எண்ணெய்க் கம்பெனியிலதான் ஓடுது. அந்தக் கேள்வியே தேடி வந்து மடியில விழுந்திருக்கு.”

“அதத்தான் நானும் சொல்றேன். நிகழ்ச்சிகள் உங்க போர்ஷன். யார் பொறந்தாங்க, யார் செத்தாங்க என்னோட போர்ஷன். என் போர்ஷன்ல அவ ஒண்ணுகூட மிஸ் பண்ணல.”

“ஓஹோ, தப்பு என்மேலயா?”

“போன சனிக்கிழமை பிராக்டிஸுக்கு லேட். வந்தும் பாதி நேரம் ஃபோன்.”

“ஆபீஸ் கால் வந்தா எடுக்காம இருக்க முடியுமா? நீ மட்டும் என்னவாம். புரூனல்னு ஒரு இன்ஜினியர் செத்த வருஷத்தைச் சொல்லிக் குடுத்துட்டே அடுப்புல பருப்பைத் தீய விட்டவ.”

“தீஞ்ச பருப்பையும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே.”

ஜெயபிரகாஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழிலரசியும் சிரித்தாள். பின்சீட்டுப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. எத்தனை சனிக்கிழமைகள்! சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அம்மா, நடுவில் வான்மதி. வருஷம் வருஷமாக எடுத்துக்கொண்டு, எங்கே சண்டை, எங்கே ரயில், யார் மண்டையைப் போட்டார் என்று மூன்று பேரும் உருப்போட்டதெல்லாம் வீணாகப் போய்விட்டதே என்று இருவருக்கும் மனசு கனத்தது.

“நாம அடிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்ததுல குழந்தை குழம்பிட்டா போல” என்றான் அவன் தணிந்த குரலில்.

“எனக்கும் அப்படித்தான் தோணுது. அவ முன்னாடி அவ்வளவு பேசியிருக்க வேண்டாம். அப்பவே யாராவது ஒருத்தர் விட்டுக் குடுத்திருக்கலாம்.”

ஃப்ரீவேயை விட்டு இறங்கி, வீடு இருக்கும் பேர்லேண்டுக்குள் கார் நுழைந்தது.

வீட்டு டிரைவ்வேயில் கார் நின்றதும் எழிலரசி பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறக்கப் போனாள். ஜெயபிரகாஷ் மகளிடம் திரும்பினான்.

“சாரி கண்ணு. அப்பா உன்னை ரொம்பப் படுத்திட்டேன். இனிமே இந்தப் போட்டியும் வேண்டாம், பிராக்டிஸும் வேண்டாம். சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா விளையாடு.”

வான்மதியின் முகம் வெளுத்துவிட்டது.

“நோ. பிராக்டிஸ் வேணும். நெக்ஸ்ட் இயரும் வேணும்.”

“எதுக்கும்மா? மேடை ஏறினா பதிலே மறந்துபோகுதே.”

“மறக்கலை. ஆன்சர் தெரியும்.” எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அப்பாவுக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்று தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

“ஒரு தடவை சாம்பியன் ஆயிட்டா, திரும்பக் கலந்துக்க முடியாதுப்பா. பிராக்டிஸ் நின்னுடும். அப்புறம் நீங்க உங்க அபார்ட்மெண்ட்லயே இருந்துடுவீங்க. இந்த வீட்டுக்கு எதுக்கு வருவீங்க?”