எங்கள் பால்கனி பொது இடமா?

அது என் கணவருடைய கடைசி மாலை என்று எங்களுக்குத் தெரியாது. ஹவுராவிலிருந்து அக்கரைக்குப் போகும் படகில் நிற்கிறோம். சாய்ந்த வெயிலில் ஆறு முழுக்க மஞ்சளாகக் கிடக்கிறது. கரைப் பந்தல்களிலிருந்து துர்கா பூஜை மேளம் தண்ணீர்மேல் மிதந்து வருகிறது. பொது இடத்தில் புகைக்கத் தடை வந்த முதல் வாரம். இவர் மறதியாகச் சிகரெட்டை உதட்டில் வைத்ததுமே டிக்கெட்காரர் கத்துகிறார்: "தாதா, சிகரெட் காபேன் நா!" அண்ணா, சிகரெட் சாப்பிடாதீங்க என்று அர்த்தம். தமிழில் சிகரெட்டைக் குடிப்போம், வங்க மொழியில் சாப்பிடுவார்கள். "சாப்பிடக் கூடாதாம், செண்பகம்," என்று இவர் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, என் கையிலுள்ள காரப்பொரியை அள்ளி வாயில் கொட்டிக்கொண்டு அவரிடம் காட்டுகிறார். டிக்கெட்காரருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. "இந்தச் சட்டம் நம்ம பால்கனிக்கும் வரணுங்க. உங்க இருமலாவது குறையும்," என்கிறேன். "பால்கனி என்ன பொது இடமா?" "அப்ப நான் பொதுஜனம் இல்லையா?" அவருக்குச் சிரிப்பில் பொரி புரையேறுகிறது. கண்ணில் நீர் வழிய என் தோளைப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை சிரிக்கிறார். மறுநாள் காலை மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய சாம்பல் கிண்ணத்தை நான் எடுக்கவில்லை. அந்தச் சட்டம் இன்னும் எங்கள் பால்கனிக்கு வரவில்லை.