குண்டு எழுத்து

"எறக்குப்பா அந்த போர்டை! இது நம்ம கடை எழுத்து இல்ல!"

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கடை முதலாளி முருகையன் போட்ட சத்தத்தில், ஏணியில் இருந்தவர் ஆடிப்போனார்.

'கோலியனூரான் மல்லாட்டை எண்ணெய்' என்ற கடலை எண்ணெய்க் கடைக்குத் திண்டிவனத்தில் புதுக் கிளை. விடிந்தால் திறப்பு விழா. கோட்டக்குப்பத்திலிருந்து வந்து தனியாக டிசைன் வேலை பார்க்கும் ரிஸ்வானாவுக்கு இந்தக் கடைகளின் வேலைதான் முதல் பெரிய வேலை. போர்டு இல்லாமல் விழா நடந்தால், அவள் பேர் கெட்டது கெட்டதுதான்.

அண்ணாந்து பார்த்தாள். அட, ஆமாம்! அவள் கொடுத்த குண்டு எழுத்து இல்லை. அதற்குத் தங்கச்சி மாதிரி வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார் அச்சுக் கடைக்காரர்.

"மொதலாளி, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் பல வருஷமாக அவரிடம் வேலை பார்த்து, இந்தக் கிளைக்கு மேலாளராக வந்திருந்த அம்சவள்ளி.

"நான் பாக்கறேன்ல! அந்த மொத சுழியப் பாரு. நம்மளுது தொப்பை போட்டுக்கினு நிக்கும். இது மூணு நாளா பட்டினி கெடந்தாப்புல இருக்குது."

ரிஸ்வானாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மற்ற வாடிக்கையாளர்களெல்லாம் ஒரே போர்டில் ஏழு விதமான எழுத்து கேட்கிறவர்கள். போர்டு, பில், பாட்டில், பை, வண்டி எல்லாவற்றிலும் ஒரே எழுத்துதான் என்று அவள் சொன்னபோது, "அப்படியே ஆவட்டும் பாப்பா" என்று சொன்ன ஒரே மகராசன் இவர்தான். விழுப்புரம் கடைக்கு எழுத்து மாறி வந்த பைகளைக் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவரும் இவர்தான்.

"உங்களாட்டம் கண்ணு எங்க காலேஜ்ல பாடம் எடுத்தவங்களுக்கே கெடையாதுங்கய்யா!"

"பழகிப்போச்சு பாப்பா. நீ ஜல்தி போனைப் போடு."

அவள் அச்சுக் கடைக்குப் போன் போட்டாள். "அண்ணே, வேற எழுத்து வேணாம். விழுப்புரம் கடைக்கு அடிச்சீங்கல்ல, அதையே எடுத்து அச்சு அசலா அடிச்சுக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சாயங்காலம் புது போர்டு வந்து மேலே ஏறியது. முருகையன் மறுபடி சாலையைக் கடந்து போய் நின்று, வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இதான் எழுத்து! நீ நல்லா இருக்கணும் பாப்பா."

"என்னங்கய்யா இது, எழுத்துதான? இதுக்குப் போயி..."

"உனக்கு எழுத்து. எனக்கு அப்படி இல்ல. முன்னெல்லாம் எது நம்மளுதுன்னு யாரையாச்சும் கேட்டுக்கினே இருக்கணும், ஒரே பேஜாரு. இப்ப வண்டி அந்தக் கோடியில வர்றப்பவே தெரியுது. ஒருத்தர் மூஞ்சியையும் பாக்க வேணாம்."

நெகிழ்ந்துபோய் ரிஸ்வானா போர்டை ஏறிட்டுப் பார்த்தாள். மேல் வரி அச்சு அசல். கீழ் வரியில், அதே குண்டு எழுத்தில், 'விழுப்புரம் கிளை' என்றிருந்தது.

திண்டிவனத்தில் விழுப்புரம் கிளை! திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"மேல் வரி, கீழ் வரி ரெண்டுமே சுத்தம். ஒரு குத்தம் சொல்ல முடியாது!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, முருகையன் எல்லோருக்கும் டீ சொல்லப் போனார்.

ரிஸ்வானா சட்டென்று அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான்தான் போன்ல தப்பாச் சொல்லிட்டேன். கீழ் வரிய மட்டும் விடியறதுக்குள்ள மாத்திடறேன். ஐயாகிட்ட எதுவும் சொல்லாதீங்க."

அம்சவள்ளி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு இத்தினி வருஷமா நான் ஒருத்திதான் மனசுக்குள்ள வச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கு நீயும் கூட்டு சேர்ந்துட்ட."